அந்தக் காக்கிக்குள் இத்தனை வித்தையா!

வாலைப் பாருங்கள், வாலை! எங்கள் ஊர் ஆயுதப்படை மைதானத்தில் குடியரசு தின விழா. மிட்டாய் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டதால் பள்ளிப் பிள்ளைகள் நெளிகிறார்கள். மைதானத்தின் நடுவே வரிசையாக ஆறு பெட்டிகள். ஒரு லாப்ரடார் ஒவ்வொன்றாக மோந்துகொண்டே வருகிறது. முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றுமில்லை. நான்காவதைத் தாண்டிப்போன மூக்கு சடாரென்று திரும்பி வருகிறது. வால் விறைக்கிறது, மூச்சு புஸ் புஸ்ஸென்று வேகமாகிறது, அடுத்த நொடி உட்கார்ந்துவிட்டது! குரைக்கவில்லை, பிறாண்டவில்லை. கோயில் வாசல் நந்தி மாதிரி அசையாமல் அமர்ந்து, தன்னைக் கூட்டிவந்த காவலரின் முகத்தையே பார்க்கிறது.

மைதானமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. ஏன் குரைக்கவில்லை என்ற கேள்வி உள்ளே புகுந்துகொண்டது. அதற்குப் பதில் தெரிந்த நாள் முதல், காக்கிச் சட்டையைப் பார்க்கும் போதெல்லாம் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆசை என்னை விடவே இல்லை.

பதில் இதுதான். வெடிகுண்டைத் தேடும் நாய் குரைக்கவே கூடாது, எதையும் தொடவே கூடாது. பெட்டிக்குள் இருப்பது எந்த அசைவில் வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கண்டுபிடித்தால் சத்தமில்லாமல் உட்கார் என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அப்படியானால் கஞ்சா தேடும் நாய்? அதைப் பிறாண்டவும் பழக்கலாம், குரைக்கவும் பழக்கலாம். கஞ்சா மூட்டை வெடிக்காதே! பொதுவாக ஒரு நாய்க்கு ஒரே தொழில்தான். வெடிமருந்து என்றால் வெடிமருந்து, போதைப்பொருள் என்றால் போதைப்பொருள், கொலையாளியின் தடம் பிடிப்பது என்றால் தடம். நம் ஊர் ஆசாரிகளில் தேர் செய்பவர் வேறு, கட்டில் செய்பவர் வேறு என்று இருப்பார்களே, அதுபோல!

இன்னொரு சங்கதி. அந்த நாய்க்கு வெடிகுண்டு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், இந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்பது மட்டுமே. நாட்டின் பாதுகாப்பில் ஒரு பகுதி ஒரு ரப்பர் பந்தின் மீது நிற்கிறது. நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

நாயைப் பழக்குவதைக் காட்டிலும் ஆளைப் பழக்குவதுதான் பெரிய வேலை. மத்தியப் பிரதேசத்தில் குவாலியருக்குப் பக்கத்தில் டேகன்பூர் என்று ஓர் இடம். எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் அங்கே நாய்களுக்கென்றே தேசியப் பயிற்சி மையம் நடத்துகிறது. பல மாநிலக் காவல் துறைகளிலிருந்தும் காவலர்கள் தங்கள் நாயோடு அங்கே போய், மாதக் கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். காலையில் கொட்டடியைக் கழுவுவது, மயிர் வாருவது, காதுக்குள் உண்ணி பார்ப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. நாய் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறதா, சோர்ந்திருக்கிறதா, ஏமாற்றப் பார்க்கிறதா என்று காதும் வாலும் சொல்வதைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அன்றைக்கு மைதானத்தில் வால் விறைத்ததை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே, நாயைக் கூட்டிவந்த அந்த ஹேண்டலர் பார்த்திருப்பார்.

நமக்குப் பழகிய போலீஸ் முகம் மூன்றுதான். சிக்னலில் கைகாட்டுபவர், ஸ்டேஷனில் குனிந்து எழுதும் ரைட்டர், ஊர்வலத்தில் லத்தியோடு பந்தோபஸ்து நிற்பவர். இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி வருகிறவர் மாதக் கணக்கில் கவாத்து பழகி, சட்டம் படித்து, துப்பாக்கி சுட்டு, கயிறேறி வெளியே வருகிறார். அதுவரை எல்லாருக்கும் ஒரே தடம்தான். அதற்குப் பிறகு பக்கவாட்டில் கதவுகள் திறக்கின்றன பாருங்கள், அங்கேதான் திருவிழா! விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வரும். பெயர் கொடுத்தவர் உடல்தகுதியும் தேர்வும் தாண்டினால், நேற்றுவரை பாரா நின்றவர் நாளை குதிரைமேல் இருப்பார். அல்லது கடலில் இருப்பார். அல்லது முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருப்பார்.

அந்த உடையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் போடுவது அது. கழுத்தைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர் எழும்பி நிற்கும். தலைக்கவசத்துக்குள் தன் மூச்சே தனக்கு இரைச்சலாகக் கேட்கும். கையுறை மட்டும் பெரும்பாலும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் கவசம், விரல்கள் மட்டும் வெளியே. திருகாணியும் கம்பியும் தொட்டு உணர வேண்டிய வேலை, கனத்த உறைக்குள் கை இருந்தால் நடக்காது. சந்தேகப் பொருளை நோக்கி நடப்பவர் ஒருவர் மட்டுமே என்பது அந்தத் தொழிலின் விதி. மற்றவர்கள் தூரத்தில் நிற்பார்கள்.

குண்டு கிடைக்கும் நாட்கள் அபூர்வம். மற்ற நாட்களில் அவர்கள் செய்வதுதான் என்னை அதிகம் கவர்ந்தது. முதலமைச்சர் வருகிறார் என்றால் பல மணி நேரத்துக்கு முன்பே மேடை அவர்கள் கைக்குப் போய்விடும். நாசவேலைத் தடுப்புச் சோதனை என்பார்கள். மேடைப் பலகைக்கு அடியில், மைக்கின் கழுத்தில், பூச்செண்டின் தண்டுகளுக்கு இடையில், நாற்காலியின் குஷனுக்குள், குளிர்சாதனப் பெட்டியின் வாயில் என்று ஒன்றையும் விடாமல் கையாலும் கருவியாலும் மூக்காலும் தடவிப் பார்க்கிறார்கள். அடுத்த முறை ஒரு பெரிய விழாவில் மாலை மரியாதைகளைப் பார்க்கும்போது, அந்த மாலையை நமக்கு முன்பே ஒரு நாய் மோந்து பார்த்திருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதெல்லாம் பேச்சே காதில் விழுவதில்லை, மேடையின் மூலைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

சரி, கையை நீட்டுங்கள். பத்து விரலையும் பாருங்கள். சின்ன வயதில் சங்கா சக்கரமா என்று எண்ணி விளையாடியிருப்போமே, அதேதான்! கைரேகைப் பிரிவில் அதற்குச் சுழி, வளையம், வில் என்று பெயர். நம் சக்கரம்தான் அவர்களுடைய சுழி. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் ஒன்று தொடங்கினார்கள். உலகத்திலேயே முதல் கைரேகைக் கூடம் அது. கைரேகைச் சீட்டுகள் மலைபோலக் குவியக் குவிய, அவற்றில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? அந்தக் கூடத்தில் வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் அவர்களுடைய அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். அந்த அநியாயம் எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, அதனால்தான் அவர்கள் பெயரை முதலில் எழுதினேன்.

கணக்கைக் கேளுங்கள். பத்து விரல்களையும் இரண்டு இரண்டாகப் பிரித்து ஐந்து ஜோடி. முதல் ஜோடிக்கு மதிப்பு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. விரலில் சுழி இருந்தால் மட்டும் அந்த மதிப்பு கிடைக்கும், இல்லையென்றால் பூஜ்யம். ஜோடியில் ஒரு விரலின் மதிப்பை மேலேயும், மற்றதன் மதிப்பைக் கீழேயும் போட்டுக் கூட்டி, இரண்டோடும் ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு பின்னம் வரும். பத்து விரலிலும் சுழியே இல்லாதவருக்கு 1/1. பத்திலும் சுழி இருப்பவருக்கு 32/32. ஆக மொத்தம் 32 பெருக்கல் 32, அதாவது 1,024 அறைகள். யாருடைய கையைக் கொடுத்தாலும் நேராக அவருடைய அறைக்குப் போய்விடலாம். கணினி என்ற சொல்லே இன்றைய பொருளில் இல்லாத காலத்தில்! நான் வீட்டில் எல்லார் விரலையும் பிடித்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். என் அம்மாவுக்கு வந்த எண்ணைப் பார்த்து அவர் அடைந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

இன்று அந்த வேலையை 2022இல் நாடு முழுதுக்கும் கொண்டுவரப்பட்ட தேசியத் தானியங்கிக் கைரேகை அமைப்பு நொடியில் செய்கிறது. ஆனாலும் கடைசிப் பொறுப்பு மனிதக் கண்ணுக்குத்தான். கணினி நீட்டும் கைரேகைகளை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, ரேகை எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்று புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, நீதிமன்றக் கூண்டில் ஏறி இது அவருடைய விரல்தான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்கு அகில இந்திய அளவில் ஒரு தேர்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பிரிவுக்கென்றே அறிவியல் பட்டதாரிகளை நேரடியாக எஸ்.ஐ.யாக எடுக்கிறார்கள். காதல் கவிதை எழுதும் மென்மையோடு தூரிகையைப் பிடித்து, உடைந்த கண்ணாடியின் மேல் பொடி தூவும் எஸ்.ஐ.!

இதைவிட என்னைக் கிறுகிறுக்க வைத்த கதவு ஒன்று உண்டு. சிலை திருட்டு தடுப்புப் பிரிவு. 1983இல் தமிழ்நாடு காவல் துறை அதைத் தொடங்கியது. திருடனைத் துரத்தும் போலீஸ்காரர் இங்கே முதலில் சிற்பம் படிக்க வேண்டும். அபய கரம் எது, வரத கரம் எது? அம்மனின் இடுப்பு வளைவு சோழர் காலத்து வளைவா, பிற்காலத்ததா? நடராஜரின் திருவாசியில் எத்தனை சுடர், அதில் எந்தச் சுடர் வார்க்கும்போதே கொஞ்சம் கோணிப்போனது? அந்தக் கோணல்தான் வழக்கில் கை கொடுக்கும்!

ஏன் என்று கேட்டால், நம் ஐம்பொன் சிலை வார்க்கும் முறையில் ஒரு ரகசியம் இருக்கிறது. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அச்சு போயே போய்விட்டது. அதனால் உலகத்தில் அதே சிலை இன்னொன்று கிடையாது. ஒவ்வொரு திருமேனிக்கும் ஒரு கைரேகை இருப்பதுபோலத்தானே இது?

அந்தக் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அங்கிருந்து கிளம்பிய புகைப்படக்காரர்கள் தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் கிராமக் கோயிலாக ஏறி இறங்கி, சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து வைத்தார்கள். ஆராய்ச்சிக்காக எடுத்த படங்கள்! அரை நூற்றாண்டு கழித்து அவையே போலீஸ் சாட்சியங்களாக எழுந்து நின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. அந்த நடராஜர் 2014இல் திரும்பி வந்தார். அவரோடு விருத்தாசலத்துக் கோயிலின் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். அவர்கள் டெல்லியில் வந்து இறங்கிய செய்தியைப் படித்தபோது நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன்.

பத்தூர் நடராஜர் வழக்கு தெரியுமா? 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்தவர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்விட்டார். 1982இல் லண்டன் போலீஸ் அவரைக் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. இந்தச் சிலை பத்தூர்க் கோயில் மண்ணில்தான் புதைந்து கிடந்தது என்று எப்படி நிரூபிப்பது? நீதிமன்றத்தின் முன் வந்த சாட்சியங்களில் ஒன்று, சிலையின்மேல் படிந்திருந்த கரையான் தடம்! நம் ஊர்க் கரையான் லண்டன் வரை போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது. மண்ணையும் உலோகத்தையும் ஒப்பிட்டார்கள். இடிந்து கிடந்த கோயிலின் சார்பில் அதன் சிவலிங்கமே வழக்கில் ஒரு தரப்பாக நின்றது. 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். இந்த வழக்குக் கட்டைத் தூக்கித் திரிந்த காவலர்கள் எத்தனை பாடம் படித்திருப்பார்கள்! மண்ணியல், உலோகவியல், ஆகமம், ஆங்கிலேயச் சட்டம், கடைசியில் கரையானின் வாழ்க்கை வரலாறு!

கடலுக்குப் போவோம். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். 1994 முதல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்ற தனிப் பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது. 1093 என்ற எண்ணைச் சுற்றினால் அவர்கள்தான் எடுப்பார்கள். தரையில் பிறந்து வளர்ந்த காவலருக்கு முதல் பாடம், படகில் நிற்பது. வாந்தி எடுத்துக்கொண்டே நிற்பது! அப்புறம்தான் நீவாடு என்னும் கடல் நீரோட்டம், திசைகாட்டி, வயர்லெஸ், வேகப் படகு எல்லாம். குஜராத்தில் ஓகா என்ற துறைமுக ஊரில் 2018 முதல் கடலோரக் காவலுக்கென்றே ஒரு தேசிய அகாடமி இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், பெரிய அகாடமி நம் மீனவக் குப்பங்களில் இருக்கிறது. அலையின் நிறத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லும் மீனவர்களிடமிருந்து கற்காமல் எந்தக் கடல் போலீஸும் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அந்தக் குப்பத்து இளைஞர்களையே கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்துக்கொண்டது, இந்தத் துறை செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

அவர்களுடைய விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன். சாகர் கவச் ஒத்திகை. கமாண்டோக்களும் காவலர்களும் கொண்ட ஓர் அணி, தீவிரவாதிகளாக மாறிவிடும். கைலி கட்டிக்கொண்டு, மீன்பிடிப் படகில் ஒளிந்துகொண்டு, டம்மி வெடிகுண்டோடு கரையேறப் பார்ப்பார்கள். மற்ற அணி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவர்களைப் பிடிக்க வேண்டும். இரவு பகலாக நடக்கும். வருகிறவர் யார், எந்தப் படகு, எந்தக் கரை எதுவும் பிடிப்பவருக்குத் தெரியாது. கள்ளன் போலீஸ் விளையாட்டில் இரண்டு பக்கமும் போலீஸ்! பிடிபட்டால் அவர்களுக்கு ஏமாற்றம், பிடிபடாவிட்டால் நமக்கு ஆபத்து என்பதை உணர்த்தும் விளையாட்டு.

இன்னொரு கடல் செய்தி. தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973இல். ஓர் எஸ்.ஐ., ஓர் ஏட்டு, 20 காவலர்கள், அவ்வளவுதான். அதன் பொன்விழாவை 2023இல் எப்படிக் கொண்டாடினார்கள் தெரியுமா? பெண் காவலர்கள் பாய்மரம் பழகி, சென்னையிலிருந்து கோடியக்கரை நோக்கிப் படகு விட்டார்கள். மோட்டார் இல்லை, காற்றும் கையும்தான். பொன்விழா என்றால் பொன்னாடை போர்த்துவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தப் பாய் விரிந்த படத்தைப் பார்த்ததும் வீட்டிலேயே துள்ளிக் குதிக்கத் தோன்றியது!

மெரினாவில் நடக்கும் குதிரைப்படையைப் பார்த்திருப்பீர்கள். லாயம் புதுப்பேட்டையில். குதிரை ஏறக் கற்பதற்கு முன் சாணம் அள்ளவும், சேணம் துடைக்கவும், லாடத்தைக் கண்ணால் எடைபோடவும் கற்க வேண்டும். குதிரைக்கும் பாடம் உண்டு. பட்டாசு, பறை, பலூன், கொடி, கூட்டம் எல்லாம் பழக்கப்பட வேண்டும். பத்துக் காவலர் தள்ளி நகராத கூட்டம் ஒரு குதிரை வந்தால் தானே வழிவிடும். மேலே இருப்பவருக்குத் தலைகளுக்கு மேலிருந்து பார்க்கும் வசதி வேறு.

சைபர் கதவு புதிது. 2024இல் மத்திய அரசு சைபர் கமாண்டோ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. காவலர்களைப் பொறுக்கி எடுத்து ஆறு மாதம் உண்டு உறைவிடப் பயிற்சி. பயிற்சி தரும் இடங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பிளஸ் டூ முடித்துக் காக்கி போட்ட பையன் ஐஐடி வளாகத்து மான்களுக்கு நடுவே நடந்து வகுப்புக்குப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இந்த வித்தைக்காரர்கள் எல்லாரும் கூடும் ஒரு திருவிழாவும் உண்டு. அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டி. பரிசுக் கோப்பைக்காக மாநிலத்துக்கு மாநிலம் மோதுகிறார்கள். ஓட்டப்பந்தயம் இல்லை, கபடி இல்லை. போட்டி எதில் என்கிறீர்கள்? தடயத்தை எடுத்துப் பொட்டலம் கட்டி முத்திரை வைப்பதில்! கைரேகை எடுப்பதில். புகைப்படத்தில். நாய்களுக்குத் தனிப் போட்டி. கவனிப்புத் திறன் போட்டி என்று ஒன்று. பரப்பி வைத்த பொருள்களைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். என்னென்ன இருந்தது, எழுது! இன்னொன்றில் ஓர் ஆளைப் பார்த்துவிட்டு அவர் எப்படி இருந்தார் என்று சொற்களாலேயே வரைய வேண்டும். நெற்றி, காது மடல், தாடை, நடை. எழுத்தாளர்களாகிய எங்களுக்கு இந்தப் போட்டியை வைத்தால் எத்தனை பேர் தேறுவோம்?

ஒரு விஷயம் என்னை வருத்துகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதக் கணக்கில் செலவழித்து ஒருவருக்குச் சிற்பம் படிக்கவோ குண்டு பிரிக்கவோ கணினித் தடம் பிடிக்கவோ கற்றுக்கொடுக்கிறோம். பிறகு ஒரு மாறுதல் உத்தரவு வருகிறது, அவர் ஏதோ ஒரு சந்திப்பில் போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். பதவி உயர்வு வேண்டுமா, பிரிவிலேயே இருக்க வேண்டுமா என்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது. திறமை இருக்கும் இடத்திலேயே ஏணியும் இருக்க வேண்டும். எஸ்.ஐ. தேர்வில் பணியில் இருப்பவர்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்லது. தனிப் பிரிவுகளுக்குள்ளேயே அப்படி வழிகள் திறந்தால் எத்தனை கண்கள் மின்னும்!

மறுபடி நாயிடம் வருகிறேன். ஒரு ரகசியத்தை உங்களுக்காகவே வைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்தில் சோதனை, ரயில் பெட்டியில் சோதனை, கோயில் திருவிழாவில் சோதனை. பெரும்பாலான நாட்களில் எதுவுமே கிடைப்பதில்லை. நமக்கு அது நிம்மதி. நாய்க்கு? காலையிலிருந்து தேடுகிறது, பந்து கிடைக்கவே இல்லை. இப்படியே நாலு நாள் போனால் அதற்குத் தேடும் ஆசையே விட்டுப்போகும். அதனால் எல்லா வேலையும் முடிந்து, கூட்டம் கலைந்து, மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, ஹேண்டலர் நாய்க்குத் தெரியாமல் போய், பயிற்சிக்கென்று வைத்திருக்கும் சின்ன மாதிரிப் பொட்டலத்தை ஒரு மூலையில் ஒளித்துவைப்பார். திரும்பி வந்து, ஒன்றும் அறியாதவர்போல வாரை அவிழ்த்து, தேடு என்பார். சோர்ந்திருந்த மூக்கு தரையைத் தொடும். இரண்டு தூண் தாண்டும். சடாரென்று திரும்பும். வால் விறைக்கும். உட்காரும்.

ஆளில்லாத பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் குழந்தைபோலக் கத்திக்கொண்டே பந்தைத் தூக்கி எறிவார்.